நான் வாசிக்காமல் விட்ட பத்தி

என் அப்பா ஒரு அரசாங்க அலுவலகத்தில் பியூனாக இருந்தார். கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவதுதான் வேலை. ஆனால் வீட்டில் அவர் பேசுவதைக் கேட்டால் நாட்டையே அவரும் சேர்ந்து நிர்வாகம் செய்கிறார் என்று தோன்றும். "போன வாரம் நாங்க ஒரு சர்க்குலர் விட்டோம்" என்பார். அந்த 'நாங்க'வுக்குள் மந்திரியும் இருப்பார், அப்பாவும் இருப்பார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சபையின் மூப்பர். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எங்களுடையது சின்னச் சபை. அதிகாரத்தில் உள்ளவர்களுக்கான ஜெபம் அப்பாவுடையது. போதகர்கூட அதில் கை வைக்க மாட்டார். மாமன்னரில் தொடங்கிப் பிரதமர், மந்திரிகள், நீதிபதிகள், போலீஸ் என்று படிப்படியாக இறங்கித் தன் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா வரைக்கும் வருவார். ஒருமுறை பஸ்ஸில் டிக்கெட் சோதிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார். பின்வரிசையில் பிள்ளைகள் நாங்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு சிரிப்பை விழுங்குவோம்.

அவருக்கு அது விளையாட்டு இல்லை. மேலே இருக்கிற எவரையும் ஆண்டவர்தான் அங்கே வைத்திருக்கிறார், அவர்களை எதிர்ப்பவன் ஆண்டவரை எதிர்க்கிறான் என்று வேதத்தில் ஒரு அப்போஸ்தலரின் நிருபத்தில் இருப்பதை அவர் எழுத்துக்கு எழுத்து நம்பினார். அந்த நிருபத்தை எழுதியவரே கடைசியில் அதிகாரிகள் கையால்தான் செத்தார் என்று சொல்வார்கள். அதை நான் வளர்ந்த பிறகு ஒருமுறை அவரிடம் சொன்னேன். "அப்பவும் அவர் எதிர்த்துப் பேசலையே" என்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

அந்த வரிசை வீட்டுக்குள்ளும் வந்தது. ஆண்டவர், மாமன்னர், தலைமைக் குமாஸ்தா, அப்பா, அதற்குப் பிறகு அம்மாவும் நானும். எங்கள் வீட்டில் அடி உதை கிடையாது, கத்தல் கிடையாது. "எதிர்வாதம் பண்ணாதே" என்ற ஒரு சொல் போதும். அதைக்கூட அவர் மெதுவாகத்தான் சொல்வார்.

நாங்கள் இருந்த கம்பம், அதாவது ஏழைகள் குடியிருப்பு, ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. நிலம் அரசாங்கத்துடையது. அங்கே வீடு கட்டிய யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அப்பாவின் அப்பா காலத்து வீடு எங்களுடையது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற தான் அரசாங்க நிலத்தில் சும்மா குடியிருக்கிறோம் என்பது அப்பாவை உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது. மழைக்காலத்தில் ஆறு ஏறி முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும்போது, "நம்ம எடமா இது, நம்ம கேக்கறதுக்கு?" என்பார். மற்றவர்கள் வாய்க்கால் வெட்டித் தரச் சொல்லி மனுப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அறுபது எழுபது வீடுகளில் ஒன்பது வீடு எங்கள் சபையைச் சேர்ந்தது. அதில் ஒரு வீடு நான் ஆன்டி என்று கூப்பிடுகிறவருடையது. கணவர் இல்லை, ஒரே மகள். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்பார். எட்டு மணிக்குள் கூடை காலியாகிவிடும். அந்த நிலையத்தில் வந்து இறங்குகிற ஜனம்தான் அவருடைய பிழைப்பு. மகள் மூன்றாம் படிவத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. டீச்சராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "இவ படிச்சு முடிக்கிற வரைக்கும் எனக்கு இந்த எடம் இருந்தா போதும்" என்று ஆன்டி அடிக்கடி சொல்வார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பத்தொன்பது வயது. படிவம் ஐந்து முடித்துவிட்டு டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். அந்த வருடம் எல்லாக் கதவுகளிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான். விவரமான கடிதம் இரண்டு பேருக்கு மட்டும் வந்தது. ஒன்று கம்பத்துக் கமிட்டித் தலைவருக்கு. அவர் லோரி ஓட்டுபவர், கோயில் காரியங்களையும் பார்ப்பவர். இன்னொன்று அப்பாவுக்கு. முன்பு தண்ணீர்க் குழாய்க்காக அரசாங்கமே விவரம் கேட்டு எழுதியபோது ஒன்பது வீட்டின் சார்பில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார், அதனால்.

கடிதம் மலாயில் நான்கு பத்தி. அப்பா ஆபீஸ் மலாய் பேசுவார், வாசிக்கத் தடுமாறுவார். நான்தான் வாசித்துச் சொன்னேன். முதல் பத்தி, நிலம் தேவைப்படுகிறது. இரண்டாவது, பாதிக்கப்படுகிறவர்களுக்கு மலிவு விலை பிளாட் ஒதுக்கப்படும். மூன்றாவது, அதற்காக ஒரு பஞ்சி எடுப்பார்கள், அதாவது வீடு வீடாகக் கணக்கெடுப்பு. அந்தச் சமயம் ஆள் குடியிருக்கும் வீடுகளுக்கு மட்டும் எண் கொடுக்கப்படும். நான்காவது, ஒத்துழைப்புக்கு நன்றி.

"அப்பா, பஞ்சி எப்போன்னு தேதி போடலையே. முப்பது நாளைக்கு அப்புறமா வந்தாங்கன்னா?"

"அரசாங்கம் கணக்குத் தெரியாமலா லெட்டர் எழுதுது? முப்பது நாள்ல காலி பண்ணச் சொன்னவங்க அதுக்குள்ள வந்து எண்ணிட மாட்டாங்களா?"

"வரலன்னா நம்ம பேரு இருக்காதுப்பா."

"எதிர்வாதம் பண்ணாதே."

நான் நிறுத்திக்கொண்டேன். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பத்தொன்பது வருடமாக நிறுத்திக்கொண்டேதான் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஒன்பது குடும்பமும் பின்னால் இருந்த அறையில் கூடியது. அதற்கு முன்னால் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூனாவது பத்திய வாசிக்காத. சனங்க குழம்பிப் போகும். ஒருத்தர் போனா ஒருத்தர் போமாட்டாங்க. சாட்சி கெட்டுடும்" என்றார். அவருக்குச் சாட்சிதான் முக்கியம். கிறிஸ்தவர்கள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள் என்று அதிகாரிகள் கண்ணால் பார்க்க வேண்டும். மற்ற வீடுகள் முரண்டு பிடித்து நிற்கும்போது நம் ஒன்பது வீடு பெருக்கித் துடைத்துக் கொடுக்கப்பட வேண்டும்.

நான் எழுந்து நின்று முதல் பத்தியை வாசித்துத் தமிழில் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். பிறகு நான்காவதைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தக் குரல்மேல்தான் கோபம்.

கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆன்டி என் பக்கத்தில் வந்து நின்றார். மகள் துணியால் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அந்த லோரிக்காரர் என்னைய நிறுத்திச் சொன்னாரு. லெட்டர்ல பஞ்சின்னு ஏதோ போட்டுருக்காம். அதுவரைக்கும் வீட்ட விட்டு நவுறக் கூடாதாம். அப்படி ஏதாச்சும் இருக்கா?"

அப்பா நான்கடி தள்ளி நின்று போதகரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

"இல்ல ஆன்டி. நான் வாசிச்சது அவ்வளவுதான்."

"அதான பாத்தேன். சும்மா நம்மள பயமுறுத்துறாரு லா. தண்ணி போடுற ஆளு" என்று ஆன்டி நிம்மதியாகச் சொன்னார். அந்த லோரிக்காரர் தண்ணி போடுவார் என்பது உண்மைதான். அவர் சொன்னதும் உண்மை.

அவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். வாசலில் நின்றபடியே, "மூப்பரண்ணே, ஒங்காளுங்கள கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. நம்பர் அடிச்சிட்டுப் போகட்டும், அப்புறம் எல்லாரும் ஒன்னாவே போவோம்" என்றார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

"ஒங்க ஆளுங்கள நீங்க பாத்துக்குங்க தம்பி. எங்களுக்கு மேல ஒருத்தர் இருக்காரு" என்றார் அப்பா. வந்தவர் திரும்பிப் போனார். அம்மா அவருக்குக் கலந்த காப்பி அடுப்பு மேலேயே ஆறிப்போனது.

ஒன்பது குடும்பமும் இருபத்தைந்தாவது நாளிலேயே காலி செய்தோம். முப்பது வரை போகக்கூடாது, கடைசி நாளில் போவது முணுமுணுத்துக்கொண்டு போவது மாதிரி என்று அப்பா சொல்லிவிட்டார். பெண்கள் வீடுகளைப் பெருக்கித் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். இடிக்கப் போகிற வீட்டைக் கழுவுகிற ஜனத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆன்டி சமையல் மேடையில் பிடித்திருந்த கரியைக்கூடச் சுரண்டி எடுத்தார்.

அப்பா ஒன்பது பூட்டுச் சாவிகளையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் குடும்பத் தலைவர் பெயரெழுதிய அட்டையைக் கட்டினார். என்னை ஒரு கடிதம் டைப் செய்யச் சொன்னார். நாங்கள் அரசாங்கத்தின் உத்தரவுக்குத் தாழ்மையுடன் கீழ்ப்படிந்து, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வீடுகளை ஒப்படைக்கிறோம் என்று வாசகம். சொந்த விருப்பம் என்பது அவராகச் சேர்த்தது. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆன்டிக்குத் தமிழில்தான் போட வரும், போட்டார்.

நில அலுவலகக் கவுன்டரில் இருந்த பெண் சாவிகளைப் பார்த்துத் திகைத்துப் போனாள். பலகை வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அப்பா விடவில்லை. கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். ரயில்வே பாலத்தைத் தாண்டி நடக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க நம்பியதைச் செய்துவிட்ட சந்தோஷம். எனக்கும் அன்று அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. அது பொய்யில்லை.

கணக்கெடுப்புக்கு ஆள் வர மூன்று மாதம் ஆனது. முப்பது நாள் என்று நோட்டீஸ் ஒட்டியவர்களுக்கே அது ஞாபகம் இல்லை போல. கம்பத்தில் அப்போதும் மற்ற வீடுகளில் ஜனம் இருந்தது. குடியிருந்த ஒவ்வொரு வீட்டின் கதவிலும் சிவப்புப் பெயின்டில் எண் எழுதினார்கள். எங்கள் ஒன்பது கதவும் சுத்தமாக இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு 'காலி' என்று எழுதிக்கொண்டு போனார்கள் என லோரிக்காரர்தான் வந்து சொன்னார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்களுக்கு அப்பாவின் சம்பளமும் என் சம்பளமும் இருந்தது. ஒரு கடைவீட்டின் மாடியில் அறை எடுத்துக்கொண்டோம். மற்றவர்கள் கிள்ளான், காஜாங் என்று சொந்தக்காரர்கள் வீட்டுக்குச் சிதறிப் போனார்கள். ஆன்டியும் மகளும் நகரத்துக்கு வடக்கே செலாயாங்கில் ஒரு கராஜின் பின்னால் தடுப்புப் போட்ட இடத்தில் இருந்தார்கள். அங்கிருந்து விடிவதற்குள் கூடையோடு பிரிக்பீல்ட்ஸ் வந்துசேரப் பஸ் இல்லை. மார்க்கெட்டில் மீன் கழுவப் போனார்.

எண் கிடைத்தவர்களுக்குப் பிளாட் ஒதுக்கிப் பட்டியல் வந்தபோது எங்களில் ஒருவர் பெயரும் இல்லை. ஆன்டி அப்பாவிடம் வந்து, முறையீடு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். "ஆபீஸ்ல முடிவெடுத்துட்டாங்கம்மா. முடிவெடுத்தத எதிர்த்து எழுதறது நமக்கு அழகில்ல. ஆண்டவர் வேற வழி வெச்சிருப்பாரு" என்றார் அப்பா. ஆன்டி தலையாட்டினார். போகும்போது மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் எழுதித் தா பாப்பா" என்றார்.

முதன்முதலாக அப்பாவுக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். முறையீடு எழுதி, ஒரு நாள் லீவு போட்டு, ஆன்டியைக் கூட்டிக்கொண்டு அதே நில அலுவலகத்துக்குப் போனேன். மகளும் பள்ளிக்கூட உடுப்போடு வந்திருந்தாள்.

அதிகாரி இளைஞர். உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். எங்கள் ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் பிரித்தார். மேலேயே நான் டைப் செய்த கடிதம் இருந்தது. ஒன்பது கையெழுத்தில் ஆன்டியின் தமிழ்க் கையெழுத்து மட்டும் தனியாகத் தெரிந்தது.

"சொந்த விருப்பத்தின் பேரில் போனதாக நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கணக்கெடுப்பு வரை வீட்டில் இருக்க வேண்டும் என்று எங்கள் கடிதத்தில் மூன்றாம் பத்தியில் தெளிவாகப் போட்டிருந்தோமே, யாரும் வாசித்துச் சொல்லவில்லையா?" என்று மலாயில் கேட்டார். அவர் குரலில் குற்றம் சாட்டுதல் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

ஆன்டிக்குப் பாசார் என்கிற சந்தையில் பேசுகிற மலாய் நன்றாகத் தெரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். பிறகு அவர் அதிகாரியிடம், "துவான், நான் படிக்காதவ. எனக்குத்தான் வெளங்கல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "ஒனக்கு ஒரு நாள் சம்பளம் போச்சே" என்றார்.

அந்த வருட முடிவில் அவர்கள் கேரி தீவுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஆன்டியின் அண்ணன் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுத்தார். மகள் படிவம் நான்குக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பவில்லை. போய்ப் பார்த்திருக்கலாம், கிள்ளானிலிருந்து பஸ் இருந்தது. நான் போகவில்லை. பயந்தேன், அதுதான் காரணம்.

ஏழெட்டு வருடம் கழித்து, தொண்ணூறுகளில், ஆன்டி இறந்துபோன செய்தி சபைக்கு வந்தது. அப்பா அப்போது ஓய்வு பெற்றிருந்தார், கண் மங்கியிருந்தது. தானே போய் ஜெபம் பண்ண வேண்டும் என்று பிடிவாதமாகக் கிளம்பினார். நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போனேன்.

லயத்து வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் பெட்டி வைத்திருந்தது. ஆன்டி பாதியாக இளைத்திருந்தார். அப்பா நீளமாக ஜெபித்தார். இறந்தவரின் கீழ்ப்படிதலுள்ள வாழ்க்கைக்காக நன்றி சொன்னார். பிறகு பழக்கம் விடாமல் மாமன்னர், பிரதமர், தோட்ட மேனேஜர் வரைக்கும் வந்தார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. பொத்தவில்லை, ஆமென் சொன்னேன்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் மகள் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருக்கும், பார்த்தால் என்னைவிட மூத்தவளாகத் தெரிந்தாள். கோப்பையை நீட்டிய கையில் நகங்கள் மஞ்சளாகி ஓரம் சிதைந்திருந்தன. செம்பனை மரங்களுக்கு அடியில் புல்லுக்கு மருந்தடிக்கிற பெண்களின் கை அப்படித்தான் இருக்கும்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அன்னிக்கு ஒங்கம்மா கோப்பை கழுவற எடத்துல என்கிட்ட கேட்டாங்க. அது லெட்டர்ல இருந்துச்சும்மா. நான் இல்லன்னு சொன்னேன். அப்பா வாசிக்க வேணாம்னாரு" என்றேன். பக்கத்து நாற்காலியில் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தடியைக் கால்களுக்கு நடுவில் மாற்றி வைத்துக்கொண்டார்.

அவள் ஆச்சரியப்படவில்லை. கோபமும் படவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"தெரியும்க்கா. அன்னிக்கு ஆபீஸ்லயே அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சி. ஒங்க மேல அவங்களுக்கு வருத்தமே இல்ல."

"எப்படி இல்லாம இருக்கும்?"

"நெசமாத்தான்க்கா. என்கிட்ட எப்பவும் ஒங்களத்தான் சொல்லுவாங்க. அந்தப் புள்ளயப் பாரு, அவ்வளவு படிச்சும் அப்பா பேச்சத் தட்டாத புள்ள, நீயும் அப்படித்தான் இருக்கணும்னு." அவள் காலிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நானும் அப்படியே இருந்துட்டேன்க்கா. ஸ்கூல நிறுத்திட்டு மருந்தடிக்கப் போன்னு சொன்னாங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல."